ரெண்டு சர்வர் இருந்தும் சேவை ஏன் நின்றுபோகிறது? பழுது தாங்கும் அமைப்பை நிறுவும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

2023 அக்டோபர் 14, சனிக்கிழமை பிற்பகல். சிங்கப்பூரில் டிபிஎஸ், சிட்டிபேங்க் ஆகிய இரு வங்கிகளின் சேவையும் ஒரே நேரத்தில் முடங்கியது. வாடிக்கையாளர்களால் கட்டணம் செலுத்த முடியவில்லை, ஏடிஎம்மில் பணம் எடுக்க முடியவில்லை, கைப்பேசிச் செயலிக்குள் நுழையவும் முடியவில்லை. நிலைமை முழுமையாகச் சீரானது மறுநாள்தான்.

அன்று ஏறக்குறைய 2.5 மில்லியன் கட்டண, ஏடிஎம் பரிவர்த்தனைகள் நிறைவேறவில்லை என்றும், இணையச் சேவைக்குள் நுழைய நடந்த சுமார் 810,000 முயற்சிகள் தோல்வியடைந்தன என்றும் அந்நாட்டு நாடாளுமன்றத்தில் பின்னர் தெரிவிக்கப்பட்டது.

காரணம் ஊடுருவல் இல்லை. சர்வர் பழுதும் இல்லை. இரு வங்கிகளும் பயன்படுத்திய ஈக்வினிக்ஸ் தரவு மையத்தில், குளிரூட்டும் அமைப்பை மேம்படுத்தும் வேலை நடந்துகொண்டிருந்தது. குளிர்நீர்த் தொட்டிகளின் வால்வுகளை மூடும்படி ஒரு குத்தகையாளர் தவறுதலாகச் சமிக்ஞை அனுப்பிவிட்டார். தண்ணீர் நின்றது, வெப்பம் ஏறியது, சர்வர்கள் நின்றன.

சரி, வங்கிகளிடம் மாற்று ஏற்பாடு இல்லையா என்றால், இருந்தது. ரெண்டு வங்கிகளும் வேறோர் இடத்தில் மாற்றுத் தரவு மையம் வைத்திருந்தன. உடனே அங்கே மாறவும் முயன்றன. டிபிஎஸ் வங்கியில் நெட்வொர்க் தவறாக அமைக்கப்பட்டிருந்தது. சிட்டிபேங்கில் இணைப்புச் சிக்கல் ஏற்பட்டது. இதனால் முழுமையாக மாற முடியவில்லை.

ரெண்டு இருந்தால் மட்டும் போதாது. அந்த ரெண்டும் ஒரே பிளக்கையோ, ஒரே குழாயையோ, ஒரே அறையையோ, ஒரே ஆளையோ நம்பியிருக்கக் கூடாது. தேவைப்படும் நேரத்தில் மாற முடியுமா என்று முன்கூட்டியே சோதித்தும் பார்த்திருக்க வேண்டும். பழுது தாங்கும் சர்வர் அமைப்பைத் திட்டமிடுவது என்றால் இந்த ரெண்டு வேலையும்தான். இவற்றை எப்படிச் செய்வது என்று பார்க்கலாம்.

மூவாருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

ஜோகூரில் தரவு மையம் என்றதும் கூலாய், செடெனாக், இஸ்கண்டார் புத்ரி ஆகிய இடங்கள்தான் செய்தியில் வரும். ஆனால் மூவாரில் இருக்கும் மரத் தளவாடத் தொழிற்சாலை, கிளினிக், கணக்காய்வு அலுவலகம், கூட்டுறவுச் சங்கம் என்று பல இடங்களில் பின்னறையில் ஒன்றோ ரெண்டோ சர்வர் ஓடிக்கொண்டிருக்கும். சம்பளக் கணக்கு, நோயாளிகளின் பதிவு, ஏற்றுமதி ஆவணம் எல்லாம் அதில்தான் இருக்கும். பெரிய தரவு மையங்களுக்குப் பொறியாளர் குழு இருக்கிறது. பின்னறை சர்வருக்கு யார் இருக்கிறார்கள்?

‘எல்லாமே ஒன்றை நம்பியிருந்தால் என்ன ஆகும்’ என்பது மூவாருக்குப் புதிய பாடமும் இல்லை. 2021 ஆகஸ்டு மாதம் கோவிட் தொற்றால் மூவாரில் உள்ள எஸ்டி மைக்ரோஇலெக்ட்ரோனிக்ஸ் சில்லுத் தொழிற்சாலையின் உற்பத்தி தடைபட்டது. அதன் தாக்கம் சீனாவில் போஷ் நிறுவனம் கார்களுக்கு வழங்கும் பாகங்கள் வரை எட்டியது. கார் நிறுவனங்களுக்குப் பணமும் இருந்தது, ஆட்களும் இருந்தார்கள். ஒரு சின்ன சில்லுதான் வரவில்லை.

பழுது தாங்குவது என்றால் என்ன?

மூன்று விஷயங்களைப் பலரும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதலாவது, நகல். அடையாள அட்டையின் பிரதியை வீட்டில் வைத்திருப்பது போல. தொலைந்தால் தகவலைத் திரும்பப் பெறலாம், ஆனால் நேரம் பிடிக்கும்.

இரண்டாவது, விரைவான மீட்சி. காரில் இருக்கும் ஸ்பேர் டயர் போல. பஞ்சரானால் ஓரமாக நிறுத்தி, மாற்றிக்கொண்டு போகலாம். கொஞ்ச நேரம் பயணம் நிற்கும்.

மூன்றாவதுதான் பழுது தாங்குவது. லாரியின் பின்பக்கம் ஜோடியாக இருக்கும் டயர்களைப் பாருங்கள். ஒண்ணு வெடித்தாலும் பக்கத்தில் இருப்பது பாரத்தைத் தாங்கிக்கொள்ளும். லாரி சாலை நடுவே உட்கார்ந்துவிடாது.

கணினி உலகில் இதை வியாபாரமாகவே செய்துகாட்டிய நிறுவனங்களில் முக்கியமானது அமெரிக்காவின் டேண்டம். 1974-ல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனம், ஒரு பாகம் கெட்டாலும் நிற்காத ‘நான்ஸ்டாப்’ கணினியை 1976-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. வங்கிகளும் பங்குச் சந்தைகளும் அதை விரும்பி வாங்கின. ஒவ்வொரு முக்கியப் பாகத்துக்கும் ஒரு ஜோடி, ஜோடிக்குத் தனித்தனி மின்சாரம், தனித்தனிப் பாதை என்பதே அதன் அடிப்படை. 50 ஆண்டுகள் ஆகியும் அந்த அடிப்படை மாறவில்லை.

கணக்கு எங்கே தப்புகிறது?

ஒரு சர்வர் ஆண்டில் 99 விழுக்காடு நேரம் வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 1 விழுக்காடு என்பது ஏறக்குறைய 88 மணி நேரம், அதாவது மூன்றரை நாளுக்கும் மேல்.

அதே போல இன்னொரு சர்வரைச் சேர்த்தால், ரெண்டும் ஒரே நேரத்தில் கெடும் வாய்ப்பு 1 விழுக்காட்டில் 1 விழுக்காடு, அதாவது 0.01 விழுக்காடு. ஆண்டுக்குச் சுமார் 53 நிமிடம் மட்டுமே. 88 மணி நேரம் 53 நிமிடமாகக் குறைகிறது. விற்பனையாளர்கள் காட்டுவது இந்தக் கணக்கைத்தான்.

கணக்கு சரிதான். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: ரெண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் கெட வேண்டும். ரெண்டு சர்வரும் ஒரே எக்ஸ்டென்ஷன் வயரில் செருகப்பட்டிருந்தால், அந்த வயர் போனதும் ரெண்டும் சேர்ந்தே போகும். அப்போது 53 நிமிடக் கணக்கு செல்லாது. ஆகவே திட்டமிடும்போது ஒவ்வொரு படியிலும் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: இந்த ரெண்டுக்கும் பொதுவாக என்ன இருக்கிறது?

முதல் வேலை காகிதத்தில்

கருவி வாங்கும் முன் ரெண்டு எண்களை முடிவு செய்யுங்கள். எவ்வளவு நேரம் சேவை நின்றால் தாங்க முடியும்? எவ்வளவு நேரத்துத் தகவல் அழிந்தால் தாங்க முடியும்?

தளவாடத் தொழிற்சாலையில் சர்வர் அரை நாள் நின்றால் மரம் அறுப்பது நிற்காது; ஆனால் மாதக் கடைசியில் சம்பளம் போட முடியாது. கிளினிக்கில் அரை மணி நேரம் நின்றாலே ஒவ்வாமைப் பதிவைப் பார்க்காமல் மருந்து கொடுக்க வேண்டிய நிலை வரலாம். ரெண்டு இடத்துக்கும் ஒரே திட்டம் பொருந்தாது.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல்: மலேசியாவில் நிதி நிறுவனங்களின் முக்கியமான கணினி அமைப்புகள், எதிர்பாராத தடங்கலால் 12 மாதங்களில் மொத்தம் 4 மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது, ஒரே சம்பவத்தில் 120 நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்று பேங்க் நெகாராவின் தொழில்நுட்ப இடர் விதிமுறை சொல்கிறது. பின்னறை சர்வருக்கு இது சட்டமில்லை. ஆனால் ‘எங்களுக்கு எத்தனை மணி நேரம்?’ என்று ஒரு எண்ணை எழுதி வைத்தால்தான் எவ்வளவு செலவு செய்யலாம் என்று தெரியும்.

அடுத்து, ஒரு வரைபடம். ரேக் என்று சொல்லப்படும் இரும்புச் சட்டத்தின் அகலம் 19 அங்குலம் என்பது உலகளாவிய அளவு. உயரத்தை ‘யூ’ கணக்கில் சொல்வார்கள். 1 யூ என்பது 1.75 அங்குலம். எந்தக் கருவி எத்தனையாவது யூவில், எந்தக் கேபிள் எங்கிருந்து எங்கே என்று காகிதத்தில் வரைந்துவிடுங்கள். ஜோடிக் கருவிகளில் ஒன்றுக்குச் சிவப்பு, இன்னொன்றுக்கு நீலம் என்று நிறம் கொடுங்கள். பிறகு சிவப்பு முழுவதையும் விரலால் மறைத்துப் பாருங்கள். நீலத்தில் மட்டும் சேவை முழுதாக ஓடுமா? ஓடாவிட்டால் வரைபடத்தைத் திருத்துங்கள். காகிதத்தில் திருத்துவதற்குச் செலவில்லை.

மின்சாரம்: ரெண்டு பிளக், ரெண்டு பாதை

நல்ல சர்வர்களில் ரெண்டு மின்பெட்டிகள் இருக்கும். ஒன்றை ‘ஏ’ பாதையிலும் இன்னொன்றை ‘பி’ பாதையிலும் செருக வேண்டும். ஒவ்வொரு பாதைக்கும் தனி சர்க்கியூட், தனி யுபிஎஸ் வேணும். ரெண்டு பிளக்கையும் ஒரே யுபிஎஸ்ஸில் செருகினால், ரெண்டு மின்பெட்டிக்குக் கொடுத்த பணம் வீண்.

இங்கே பலர் கவனிக்காத ஒரு கணக்கு இருக்கிறது. 230 வோல்ட்டில் 16 ஆம்பியர் சர்க்கியூட் அதிகபட்சம் 3,680 வாட் தாங்கும். உங்கள் கருவிகள் மொத்தம் 4,400 வாட் இழுக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ரெண்டு பாதையும் வேலை செய்யும்போது ஒவ்வொன்றிலும் 2,200 வாட், அதாவது 60 விழுக்காடு. பார்க்க வசதியாகத்தான் தெரியும். ஆனால் ‘ஏ’ பாதை போனதும் 4,400 வாட்டும் ‘பி’ மேல் விழும். 120 விழுக்காடு. பிரேக்கர் விழுந்துவிடும். ஒரு பழுது ரெண்டாகிவிட்டது.

ஆகவே சாதாரண நேரத்தில் ஒவ்வொரு பாதையும் 40 விழுக்காட்டைத் தாண்டாமல் திட்டமிடுவது பாதுகாப்பு. அப்போதுதான் முழுச் சுமையும் ஒரு பக்கம் வந்தாலும் 80 விழுக்காட்டில் நிற்கும்.

யுபிஎஸ் பேட்டரியையும் மறக்கக் கூடாது. சாதாரண ஈய-அமில பேட்டரி 3 முதல் 5 ஆண்டு வரும். 25 டிகிரிக்கு மேல் ஏறக்குறைய ஒவ்வொரு 10 டிகிரிக்கும் அதன் ஆயுள் பாதியாகக் குறையும். சூடான ஸ்டோர் அறையில் வைத்துவிட்டு ஐந்தாண்டு வரும் என்று நம்பியிருந்தால் ஏமாற்றம்தான்.

டிஎன்பி மின்சாரம் பெரும்பாலும் சீராகவே வருகிறது. ஆனாலும் 2022 ஜூலை 27 அன்று யோங் பெங் துணை மின்நிலையத்தில் ஏற்பட்ட கருவிப் பழுதால் தீபகற்பத்தின் பல பகுதிகளில் மின்தடை ஏற்பட்டதை மறக்க முடியாது. யுபிஎஸ் சில நிமிடங்களுக்கு மட்டுமே. அதற்கு மேல் ஓட வேண்டும் என்றால் ஜெனரேட்டர் வேணும். ஜெனரேட்டர் இல்லையென்றால், பேட்டரி தீரும் முன் சர்வர்கள் தாங்களாகவே முறைப்படி அணையும்படி அமைத்துவிடுங்கள். திடீரென்று அணைவதுதான் தகவலைக் கெடுக்கும்.

குளிர்ச்சி: மின்சாரம் இருந்தும் சர்வர் நிற்கும்

சிங்கப்பூர் சம்பவத்தில் மின்சாரம் போகவில்லை, குளிர்ச்சிதான் போனது. சின்ன அலுவலகத்தில் இதே விஷயம் வேறு மாதிரி நடக்கும். மின்தடை வரும், சர்வர் யுபிஎஸ்ஸில் ஓடும், ஏர்கோன் யுபிஎஸ்ஸில் இருக்காது, நின்றுவிடும். மூடிய சின்ன அறையில் சில நிமிடங்களிலேயே வெப்பம் ஏறத் தொடங்கும். ஜெனரேட்டர் வைத்தால் ஏர்கோனையும் அதில் சேர்க்க வேண்டும்.

எவ்வளவு ஏர்கோன் வேணும்? 1,000 வாட் மின்சாரம் மணிக்கு ஏறக்குறைய 3,412 பிடியு வெப்பமாக மாறும். மேலே சொன்ன 4,400 வாட்டுக்குச் சுமார் 15,000 பிடியு. 18,000 பிடியு அளவிலான 2 குதிரைசக்தி ஏர்கோன் ஒன்று போதும். ஆனால் ஒன்று மட்டும் வைத்தால் அது சர்வீசுக்கு நிற்கும் நாளில் என்ன செய்வது? தனியாகவே முழு வெப்பத்தையும் தாங்கக்கூடிய ரெண்டு ஏர்கோன், தனித்தனி சர்க்கியூட்டில் வைத்து, மாற்றி மாற்றி ஓட்டுங்கள். சர்வருக்குள் போகும் காற்று 18 முதல் 27 டிகிரிக்குள் இருப்பது நல்லது.

மூன்று சின்ன விஷயங்கள்: மின்சாரம் போய் வந்ததும் தானாக இயங்கத் தொடங்கும் ஏர்கோனா என்று வாங்கும்போதே கேளுங்கள். ரேக்குக்கு நேர் மேலே ஏர்கோனைப் பொருத்தாதீர்கள். தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொண்டால் சொட்டுவது சர்வர் மேல்தான். வெப்பம் ஏறினால் கைப்பேசிக்குத் தகவல் அனுப்பும் கருவி ஒன்று மாட்டுங்கள்.

இடம்: மாடியா, கீழ்த்தளமா?

மூவார் ஆற்றங்கரை நகரம். ஜோகூரில் 2006 இறுதியிலும் 2007 தொடக்கத்திலும் வந்த பெருவெள்ளமும், 2023 மார்ச் வெள்ளமும் பலருக்கும் நினைவிருக்கும். கீழ்த்தளத்தில் தரையோடு தரையாக சர்வர் வைப்பது ஆபத்து. அதற்காக மேல்மாடிக்குக் கொண்டுபோனால் வேறு கேள்விகள் வரும். முழுதாக நிரம்பிய ரேக் ஒரு டன்னை நெருங்கக்கூடும். பழைய கடைவீட்டின் பலகைத் தரை அதைத் தாங்குமா என்று கட்டுமானப் பொறியாளரைக் கேட்டே ஆக வேண்டும். கூரைக்கு நேர் கீழே என்றால் வெப்பமும் ஒழுக்கும் சேர்ந்து வரும்.

நடைமுறையில், கான்கிரீட் தரை உள்ள முதல் மாடி, ஜன்னல் இல்லாத உள்பக்கச் சுவர், மேலே தண்ணீர்த் தொட்டியோ கழிவறையோ இல்லாத இடம்தான் பெரும்பாலும் சரிவரும்.

சர்வரை மேலே வைத்துவிட்டு யுபிஎஸ், ஜெனரேட்டர், மின் பலகையைக் கீழே விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. 2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் அவசர ஜெனரேட்டர் ஒன்றல்ல, பல இருந்தன. பெரும்பாலானவை தாழ்வான பகுதிகளில் இருந்ததால் சுனாமித் தண்ணீர் அவற்றைச் சேர்த்தே முடக்கியது. எண்ணிக்கை இருந்தது, உயரம் இல்லை.

மலேசியாவில் இடி மின்னலும் அதிகம். மின் பலகையில் மின்னல் தடுப்புக் கருவியும் முறையான எர்த் இணைப்பும் பதிவு பெற்ற மின்பணியாளரைக் கொண்டு பொருத்த வேண்டும். செம்புக் கம்பி வழியாக வரும் தொலைபேசி, சிசிடிவி இணைப்புகளையும் சேர்த்துப் பாருங்கள். மின்னல் அந்த வழியிலும் உள்ளே வரும்.

நெட்வொர்க்: ரெண்டு நிறுவனம், ஒரே பள்ளம்

2019 ஆகஸ்டு 21 இரவு கேஎல்ஐஏ விமான நிலையத்தில் நெட்வொர்க் பழுதானது. விமானத் தகவல் பலகைகள், பதிவு முகப்புகள், பயணப்பெட்டி அமைப்பு எல்லாம் பாதிக்கப்பட்டன. ஊழியர்கள் வெள்ளைப் பலகையில் விமான விவரங்களை எழுதிக் காட்டினார்கள். நிலைமை சீராகச் சில நாட்கள் பிடித்தது. மைய நெட்வொர்க் சுவிட்சுகளை மாற்ற வேண்டியிருந்தது. சர்வர் எத்தனை இருந்தாலும், நடுவில் இருக்கும் பாதை நின்றால் அவ்வளவுதான்.

ஆகவே சுவிட்சும் ரெண்டு வேணும். ஒவ்வொரு சர்வரிலிருந்தும் ரெண்டு சுவிட்சுக்கும் தனித்தனிக் கேபிள் போக வேண்டும்.

இணையத்துக்கு ரெண்டு நிறுவனங்களிடம் சந்தா எடுத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ரெண்டு நிறுவனத்தின் கேபிளும் உங்கள் கடை வாசலில் ஒரே குழாய் வழியாக வந்தால், சாலை தோண்டும் இயந்திரம் ரெண்டையும் ஒரே வெட்டில் வெட்டிவிடும். ‘உங்கள் கேபிள் எந்தப் பக்கமாக வருகிறது? ஆற்றைக் கடக்கிறதா, கடந்தால் எந்தப் பாலம் வழியாக?’ என்று எழுத்துபூர்வமாகக் கேளுங்கள். சரியான பதில் கிடைக்காவிட்டால், ரெண்டாவது இணைப்பைக் கேபிள் இல்லாத கைப்பேசி அலைவரிசையில் எடுப்பது எளிய வழி.

வட்டு: ஒரே நாளில் வாங்கினால் ஒரே நாளில் போகலாம்

தகவலைப் பல வட்டுகளில் பரப்பி எழுதும் ‘ரெய்ட்’ முறையில் ஒரு வட்டு கெட்டாலும் வேலை ஓடும். ஆனால் ஒரே பெட்டியில் வந்த, ஒரே வயதுள்ள வட்டுகள் ஒன்றை அடுத்து ஒன்றாகக் கெடும் வாய்ப்பு அதிகம்.

இதற்கு ஒரு கச்சிதமான உதாரணம் உண்டு. 2019 நவம்பரில் எச்பிஇ நிறுவனம் தன் சில எஸ்எஸ்டி வட்டுகளைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. வட்டுக்குள் இருக்கும் மென்பொருளில் ஒரு பிழை இருந்தது. சரியாக 32,768 மணி நேரம், அதாவது 3 ஆண்டு 270 நாள் 8 மணி நேரம் ஓடியதும் வட்டு செயலிழந்துவிடும், தகவலும் மீளாது. ஒரே நாளில் பொருத்திய வட்டுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் போகும். ரெய்ட் அங்கே உதவாது. திருத்தம் போட்டவர்கள் தப்பினார்கள்.

ஆகவே ஜோடி சர்வர்களில் வெவ்வேறு தொகுதியில் வந்த வட்டுகளைக் கேளுங்கள். ரெண்டு சர்வருக்கும் ஒரே நாளில் மென்பொருள் புதுப்பிப்பு போடாதீர்கள். ஒன்றில் போட்டு, சில நாள் பார்த்துவிட்டு அடுத்ததில் போடுங்கள். மாற்று வட்டு ஒன்று கையிருப்பில் இருக்கட்டும். ‘நாலு மணி நேரத்தில் பாகம் வரும்’ என்ற ஒப்பந்தம் மூவாருக்கும் பொருந்துமா, கிள்ளான் பள்ளத்தாக்குக்கு மட்டுமா என்று கையெழுத்திடும் முன் கேளுங்கள்.

ரெண்டு பேர் சண்டைக்கு மூன்றாவது ஓட்டு

ரெண்டு சர்வரும் நன்றாக இருக்கின்றன, நடுவில் உள்ள கேபிள் மட்டும் அறுந்துவிட்டது என்று வையுங்கள். ஒவ்வொன்றும் ‘மற்றது செத்துப்போச்சு, இனி நான்தான்’ என்று முடிவு செய்யும். ரெண்டும் தனித்தனியாகப் பதிவு செய்யத் தொடங்கும். கிளினிக்கில் ஒரே எண்ணில் ரெண்டு நோயாளிகள் பதிவாவார்கள். பிறகு எது உண்மை என்று கையால் பிரிப்பதற்குள் நாட்கள் ஓடிவிடும்.

இதைத் தடுக்க மூன்றாவது ஒரு சாட்சி வேணும். சின்னக் கணினியாக இருந்தால்கூடப் போதும். யாருக்கு ரெண்டு ஓட்டு கிடைக்கிறதோ அந்த சர்வர் மட்டும் எழுதலாம், மற்றது ஒதுங்க வேண்டும். அந்தச் சாட்சியை இரண்டில் ஒரு சர்வரின் பக்கத்திலேயே வைத்தால் பயனில்லை. மூன்றாவது இடத்தில் வைக்க வேண்டும்.

ஊருக்கு வெளியே ஒரு நகல்

மேலே சொன்ன அனைத்தும் ஓர் அறைக்குள் நடக்கும் பழுதைத் தாங்கும். அறையே போனால்?

2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று தீயில் அழிந்தது. சில வாடிக்கையாளர்களின் நகலும் அங்கேயே இருந்ததால் அவர்கள் அனைத்தையும் இழந்தார்கள். 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜோன் நகரில் உள்ள அரசாங்கத் தரவு மையத்தில் லித்தியம் பேட்டரியில் தொடங்கிய தீயால் 709 அரசாங்கக் கணினி அமைப்புகள் நின்றன. அரசு ஊழியர்களின் 858 டெராபைட் கோப்புகளுக்கு வெளியே நகல் இல்லை, அழிந்தே போயின.

பழைய விதி இன்றும் சரி: மூன்று நகல், ரெண்டு வகை ஊடகம், ஒன்று வேறு ஊரில். மூவாரில் இருப்பவர்களுக்கு அந்த வேறு ஊர் கூலாய் தரவு மையமாகவும் இருக்கலாம், மேகக் கணிமைச் சேவையாகவும் இருக்கலாம். ரெண்டு சர்வரும் ஒன்றையொன்று பார்த்து எழுதுவது நகல் ஆகாது. ஒன்றில் தவறுதலாக அழித்தால் மற்றதிலும் அதே நொடி அழியும்.

பேட்டரியை சர்வர் அறையிலிருந்து பிரித்து, தீத்தடுப்புச் சுவருக்கு அப்பால் வைப்பது நல்லது.

ஒப்படைக்கும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள்

குத்தகையாளர் வேலையை முடித்து, பச்சை விளக்கு எரிவதைக் காட்டிக் கையெழுத்து கேட்பார். விளக்கைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டாம். உண்மையான தகவலை ஏற்றும் முன், அவர் முன்னிலையிலேயே ஒவ்வொன்றாகச் செய்து பாருங்கள்:

• ‘ஏ’ பாதையை அணையுங்கள். 10 நிமிடம் கழித்து இயக்குங்கள். பிறகு ‘பி’ பாதையை அணையுங்கள்.
• ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வட்டை உருவி, மாற்று வட்டைப் போடுங்கள்.
• ஒரு சுவிட்சின் மின்சாரத்தைத் துண்டியுங்கள்.
• ஒரு ஏர்கோனை ஒரு மணி நேரம் நிறுத்தி, வெப்பநிலையை எழுதி வையுங்கள்.
• முதல் சர்வரை அப்படியே அணையுங்கள். எத்தனை நிமிடத்தில் ரெண்டாவது ஏற்கிறது என்று கடிகாரம் பாருங்கள்.
• வெளியூர் நகலிலிருந்து ஒரு கோப்பைத் திரும்ப எடுத்துத் திறந்து பாருங்கள்.

இந்தச் சோதனையை விலைப்பட்டியலிலேயே ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள். கடைசித் தவணைப் பணத்தை அதோடு இணைத்தால் யாரும் தட்டிக்கழிக்க மாட்டார்கள். பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பச் செய்யுங்கள்.

கடவுச்சொல்லும் வரைபடமும் ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது என்பதும் இதில் சேரும். அந்த அண்ணன் தீபாவளி விடுமுறையில் ஊருக்குப் போயிருக்கும்போது பழுது வந்தால், தாளைப் பார்த்து இன்னொருவர் செய்ய முடிய வேண்டும்.

சின்ன நிறுவனத்துக்கு இவ்வளவும் வேணுமா?

வேண்டியதில்லை. பணம் குறைவு என்றால் வரிசை இதுதான்: முதலில் வெளியூர் நகல். அடுத்து யுபிஎஸ், தானாக அணையும் அமைப்பு. பிறகு ரெண்டு மின்பெட்டி, ரெய்ட் உள்ள ஒரு நல்ல சர்வர். அதன் பிறகுதான் ரெண்டாவது சர்வர். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ரெண்டு சர்வரை வாங்கிவிட்டு நகலுக்குக் காசில்லை என்கிறார்கள்.

எல்லாவற்றையும் மேகக் கணிமைக்கு மாற்றிவிடலாமா என்றும் சிலர் கேட்பார்கள். மாற்றலாம். கருவி, குளிர்ச்சி, வெள்ளம் பற்றிய கவலை குறையும். ஆனால் உங்கள் இணைய இணைப்பு அப்போது ஒரே நூலாகிவிடும், அதையாவது ரெண்டாக்க வேண்டும். முகப்பில் இருப்பவர்கள் சேவை இல்லாத ஒரு மணி நேரத்தைத் தாளிலும் பேனாவிலும் ஓட்டுவதற்கான படிவத்தையும் அச்சடித்து வைத்திருக்க வேண்டும்.

விலைப்பட்டியல் கைக்கு வந்ததும், ரெண்டு என்று எழுதியிருக்கும் ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: ‘இந்த ரெண்டும் ஒரே நேரத்தில் போக என்ன காரணம் இருக்க முடியும்?’ விற்பனையாளரால் உடனே பதில் சொல்ல முடியாவிட்டால், வேலையைத் தொடங்கும் தேதியைத் தள்ளிப்போடுவது நல்லது.